தமிழ் எண்களும் கணிப்பொறியும்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. அவ்விரண்டனுள் எழுத்தாகிய கண்ணை நாம் இன்றும் காத்து வருகின்றோம். எண்ணாகிய கண்ணையோ மூடி வைத்துவிட்டோம். பேருந்தின் எண் பலகையிலும், தேர்வுத் தாளிலும், கடைச் சிட்டையிலும் 1, 2, 3 என்றே எழுதுகின்றோம். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வடிவங்களும் இந்திய மண்ணில் தோன்றி உலகைச் சுற்றி வந்தவையே. நம் அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவும் அவற்றை "இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்" என்னும் பொருள்பட்ட பெயராலேயே குறிக்கின்றது.

ஆயின், பழைய ஏடுகளிலும் பத்திரங்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் தமிழ் எண்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை நாம் புதிதாக எழுத வேண்டியதில்லை, படித்தாக வேண்டும். அந்த ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்குள் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. அங்ஙனம் ஏறும்போது எண்கள் எண்களாகவே ஏறுகின்றனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பழைய பத்திரம்

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று உண்டு. தாளின் ஓரங்கள் கரைந்து, மடிப்பு விழுந்த இடங்கள் கிழிந்து போயின. அது முற்றும் அழிந்துபோவதற்குள் கணிப்பொறியில் ஏற்றி வைத்துக்கொள்வோம் என்று என் பெரியப்பா அதை ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்தார். தட்டச்சான படியை வீட்டில் வாசிக்கும்போது, கண்மாய்க்குக் கீழுள்ள நஞ்சையைக் குறிக்கும் வரியில் "அவ குழி" என்று இருந்தது.

"இதென்ன, அவ குழி? எவ குழி?" என்று பெரியப்பா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். திண்ணையில் இருந்த அப்பத்தாதான் மூலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அது அவ இல்லப்பா, எட்டே கால்" என்றார்.

தமிழில் எட்டு என்பதன் குறி ௮. அது 'அ' என்னும் எழுத்தைப் போன்றது. கால் என்பதன் குறியோ 'வ' என்னும் எழுத்தைப் போன்றது. தட்டச்சு செய்தவர் கண்ணால் கண்டதை அப்படியே அடித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் எட்டே கால் குழி நிலம் அந்தப் படியில் ஒரு பெண்ணாக மாறிவிட்டது. மூலமும் அப்பத்தாவும் இருந்தமையால் பிழை தெரிந்தது. இரண்டும் இல்லாத காலத்தில் அந்த வரியை யார் திருத்துவார்? இக்கேள்வியே என்னை இத்துறையில் படிக்கத் தூண்டியது.

நம் முன்னோர் எண்ணிய முறை

முதலில் தமிழ் எண்களின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்னும் ஒன்பது குறிகள். இவற்றோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்னும் மூன்று தனிக்குறிகள். பன்னிரண்டு என்பதைப் பத்தும் இரண்டுமாக ௰௨ என்று எழுதினர். இருபது என்பது இரு பத்து, ஆகவே ௨௰. 1985 என்னும் ஆண்டை ௲௯௱௮௰௫ என்று எழுதுவர். வாயால் சொல்லும் வரிசையிலேயே கையாலும் எழுதுவதனால், "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து" என்பதை எழுத்தறிந்த எவரும் வழுவின்றி எழுதலாம். இம்முறையில் சுழிக்கு இடமே இல்லை, தேவையும் இல்லை.

முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்தனர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் மனப்பாடமாக இருந்தன. கீழ்வாயில் மா என்பது 1/20. காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா ஓர் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டிப் பாருங்கள், 1/16 வரும். மாகாணி என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு அடங்கியிருப்பதைக் காணலாம். முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி உண்டு. அது முந்திரியில் 320-இல் ஒரு பங்கு. அதாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு.

வடிவமும் இடமும்

நம் பள்ளத்தாக்கில் கிடைத்த சின்னமனூர்ச் செப்பேடுகள் பாண்டியர் காலத்துச் செய்தியை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சுமந்து வந்துள்ளன. அவற்றின் தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் உள்ளது. வட்டெழுத்தைப் படிப்பவர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அவற்றைப் படிக்க முடிந்தது. ஏனெனில் செம்பு தன்மேல் வெட்டிய வடிவத்தை அப்படியே வைத்திருந்தது. செம்பும் கல்லும் ஓலையும் தாளும் வடிவத்தைச் சேமிப்பவை.

கணிப்பொறி அத்தகையது அன்று. அது வடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்ட வரிசை எண்ணை மட்டுமே சேமிக்கின்றது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் இவ்வாறு எண் கொடுத்து வகுத்த பொதுப் பட்டியலே ஒருங்குறி ஆகும். இதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் 'க' என்னும் எழுத்தின் எண் 2965. ௧ என்னும் எண் குறியின் எண் 3047. நாம் அன்றாடம் எழுதும் 1-இன் எண் 49. திரையில் தோன்றும் வடிவம் எழுத்துருவின் வேலை. உள்ளே இருப்பது இந்த எண்தான்.

ஓலையில் எழுதியவருக்கு 'அ'வும் ௮-உம் ஒன்றுபோல் இருந்தமையால் தீங்கு நேரவில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். குழிக்கு முன் நிற்பது எண் என்று அப்பத்தாவுக்குத் தெரியும். கணிப்பொறிக்கு அந்த அறிவு இல்லை. 2949, 2997 என்று அடித்தால் அது "அவ". 3054, 73680 என்று அடித்தால் அது "எட்டே கால்". கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கோ இரண்டுக்கும் ஓர் ஒட்டுறவும் இல்லை.

எழுத்தை எண்ணாகப் பயன்படுத்தினால் என்ன கேடு விளையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒன்பது எண்களுக்கும் அவற்றைப் போன்ற எழுத்துகளை, அதாவது க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்று அடித்துவிட்டு, அப்பட்டியலை வரிசைப்படுத்துமாறு கணிப்பொறிக்குச் சொல்லுங்கள். அது அகர வரிசையில் அடுக்கும். அ, உ, எ, க, கூ, ங, ச, சு, ரு என்று வரும். எண்ணாகப் படித்தால் 8, 2, 7, 1, 9, 3, 4, 6, 5! எண் குறிகளையே அடித்திருந்தால் 1 முதல் 9 வரை ஒழுங்காக நின்றிருக்கும். மேலும் ௫ என்பது ஒரே குறி. 'ரு' என்பது கணிப்பொறிக்கு 'ர'வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. பதினைந்தைத் தேடுபவருக்கு எழுத்தால் அடித்த பதினைந்து ஒருநாளும் அகப்படாது.

சுழி வந்த வரலாறு

1991-இல் ஒருங்குறி வெளிவந்தபோது தமிழுக்கு ஒன்று முதல் ஒன்பதும், பத்தும், நூறும், ஆயிரமும் கிடைத்தன. சுழி கிடைக்கவில்லை. இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒன்றுக்கொன்று நேராக அமைத்த பட்டியல் அது. மற்ற மொழிகளில் சுழி அமர்ந்த இருக்கைக்கு நேரான தமிழ் இருக்கை 3046. அது வெறுமையாக விடப்பட்டது. பழைய முறையில் சுழி இல்லை என்பது உண்மையே. ஆனால் இடமதிப்பு முறையில் தமிழ் எண்களை எழுதும் வழக்கமும் பின்னாளில் தோன்றியது. பத்தை ௰ என்று எழுதாமல் ௧௦ என்று எழுதுவது அவ்வழக்கம். அதற்குச் சுழி இன்றியமையாதது.

அந்த வெற்றிருக்கையில் தமிழ்ச் சுழி ௦ அமர்ந்தது 2005-ஆம் ஆண்டில், 4.1-ஆம் பதிப்பில். பதினான்கு ஆண்டுகள் தமிழ் எண் வரிசை தலையில்லாமல் நின்றது. இடையில் இடமதிப்பு முறையில் எழுத விரும்பியவர் வேற்றெழுத்தின் சுழியைக் கடன் வாங்க நேர்ந்தது. கடன் வாங்கிய சுழி பார்வைக்குப் பொருந்தலாம். வரிசை எண்ணால் அது அயலதே.

எல்லா எண்ணும் ஒரு வகையின அல்ல

இருக்கை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு குறிக்கும் அதன் இயல்பையும் ஒருங்குறி குறித்து வைக்கின்றது. ௦ முதல் ௯ வரை உள்ளவை பதின்ம இலக்கங்கள் என்னும் வகை. ௰, ௱, ௲ ஆகிய மூன்றும் பிற எண்கள் என்னும் வகை. அவற்றின் மதிப்பு 10, 100, 1000 என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நம் கணிப்பொறி ஆய்வகத்தில் எவரும் சோதித்துப் பார்க்கலாம். பைத்தான் என்னும் நிரல் மொழியில் ௧௨ என்பதைக் கொடுத்து முழு எண்ணாக்கச் சொன்னால் 12 என்று விடை தரும். தமிழ் எண்ணைக் கணிப்பொறி தானாகவே புரிந்துகொள்வதைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாகும். அதே பன்னிரண்டை நம் முன்னோர் முறையில் ௰௨ என்று கொடுத்தால் பிழை என்று மறுத்துவிடும். ௰ என்னும் ஒரு குறியின் மதிப்பை மட்டும் தனியே கேட்டால் 10 என்று சொல்லும். கூட்டிப் படிக்கத் தெரியாது. "ஆயிரத்துக்கு முன் நிற்பதைப் பெருக்கு, பின் நிற்பதைக் கூட்டு" என்னும் விதியை நாம்தான் நிரலாக எழுதித் தரவேண்டும். கணிதம் பயிலும் மாணவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடிக்கக்கூடிய சிறு நிரலே அது.

கீழ்வாய் இலக்கங்களும் குறிகளும்

பத்திரங்களிலும் கணக்குகளிலும் எண்கள் தனியே வருவதில்லை. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகியவற்றுக்கும் குறிகள் உண்டு. ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺ என்னும் இந்த எட்டும் 2003-இல் 4.0-ஆம் பதிப்பில் 3059 முதல் 3066 வரை இடம் பெற்றன. வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ் இருந்தால் ௵, ௴, ௳ மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள்.

கீழ்வாய் இலக்கங்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தன. அவற்றையும் பிற பழங்குறிகளையும் சேர்க்குமாறு ஸ்ரீரமண சர்மா என்னும் ஆய்வாளர் 2012-இல் முன்மொழிவு அளித்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 2019 மார்ச்சில் வெளியான 12.0-ஆம் பதிப்பில் தமிழுக்கென ஒரு துணைத் தொகுதி உருவானது. 73664 முதல் 73727 வரை அதன் எல்லை. அதில் 51 குறிகள். முந்திரி தொடங்கி முக்கால் வரை பின்னங்கள். கீழ் என்னும் குறி. நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய முகத்தல் குறிகள். காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயக் குறிகள். குழி, வேலி முதலிய நிலக் குறிகள். நஞ்சைக்கும் புஞ்சைக்கும் உப்பளத்துக்கும் தனித்தனிக் குறிகள். அரைக்கு இருவகை வடிவங்கள் வழங்கியமையால் இரண்டு இருக்கைகள். மாகாணிக்கும் அவ்வாறே இரண்டு.

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். இந்திய அரசு ₹ என்னும் ரூபாய்க் குறியை 2010 சூலையில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான பதிப்பிலேயே அதற்கு இடம் கிடைத்தது. வாழும் குறிக்கு மூன்று மாதம். வழக்கொழிந்த முந்திரிக்கோ ஒருங்குறி தோன்றியதிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள். இதில் வியப்பில்லை. வழக்கொழிந்த குறிக்குச் சான்று தேட வேண்டும். எந்த வடிவம் எந்த மதிப்பைக் குறித்தது என்று ஏடுகளைக் கொண்டு நிறுவ வேண்டும். ஒருங்குறியில் ஒருமுறை தந்த இடத்தை மாற்றவோ நீக்கவோ மாட்டார்கள் என்பது விதி. ஆதலின் தருவதற்கு முன்பே ஆயிரம் முறை பார்க்கின்றனர்.

இக்கட்டுரையில் ௧, ௨ முதலியவற்றை வடிவோடு எழுதிய நான், கீழ்வாய்க் குறிகளைப் பெயரால் மட்டும் குறித்திருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம். இடம் கிடைத்துவிட்டதேயன்றி, அவ்வடிவங்களைக் கொண்ட எழுத்துருக்கள் இன்னும் மிகச் சிலவே. கூகுளின் நோட்டோ வரிசையில் தமிழ்த் துணைத் தொகுதிக்கென ஓர் எழுத்துரு உண்டு. அது இல்லாத கணிப்பொறியில் முந்திரியும் காணியும் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும்.

அண்டை மொழிகளின் அனுபவம்

கம்பத்தைக் கடந்து குமுளி மலை ஏறினால் மலையாள நாடு. அங்கும் அரைக்காணி, அரைமா, ஒருமா, நாலுமா என்று நம் பெயர்களே சிறு மாற்றத்தோடு வழங்கின. மலையாளத்துக்குப் பத்து, நூறு, ஆயிரம் ஆகிய குறிகளும், கால், அரை, முக்கால் ஆகிய குறிகளும் 2008-லேயே ஒருங்குறியில் கிடைத்தன; மா, காணி வகைப் பின்னங்கள் ஏழு 2016-இல் கிடைத்தன. நம்முடைய கால், நம் அண்டை வீட்டுக் காலுக்குப் பதினோராண்டு பின்னரே வந்து சேர்ந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் சிங்கள மொழியின் நிலை இன்னும் சுவையானது. அங்கே இருவகை எண்கள் வழங்கின. ஒன்று சோதிடர் கணிக்கப் பயன்படுத்திய லித் இலக்கம். அதில் சுழி உண்டு, இடமதிப்பும் உண்டு. மற்றொன்று பழைய சிங்கள இலக்கம். அதில் சுழி இல்லை. இலக்கம் என்னும் சொல்லே நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருப்பது நோக்கத்தக்கது. பழைய இலக்கத்தில் ஒன்று முதல் ஒன்பதுக்கு ஒன்பது குறிகள், பத்து, இருபது, முப்பது என்று தொண்ணூறு வரை ஒன்பது தனிக்குறிகள், நூறும் ஆயிரமும் இரண்டு, ஆக இருபது. நாம் இருபதை ௨௰ என்று இரு குறிகளால் எழுத, அவர்கள் ஒரே குறியால் எழுதினர்.

இவ்விரு வகையும் 2014-இல் 7.0-ஆம் பதிப்பில் ஒருங்குறியில் சேர்ந்தன. ஆயின் ஒன்றாகக் கலக்கப்படவில்லை. லித் இலக்கம் சிங்கள எழுத்துகளோடு 3558 முதல் 3567 வரை பதின்ம இலக்கமாக அமர்ந்தது. பழைய இலக்கம் தொலைவில் 70113 முதல் 70132 வரை பிற எண்களாக அமர்ந்தது. கணக்கிடும் முறை வேறானால் இருக்கையும் வேறாக வேண்டும் என்னும் தெளிவு இங்கே புலனாகின்றது. தமிழின் ௧௨-உம் ௰௨-உம் நமக்குக் கற்பிப்பது அதுவே.

நாம் செய்யத்தக்கவை

மாணவத் தோழர்களே! ஒருங்குறியில் இடம் தேடும் பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி இருப்பது நம் கையில் உள்ள பணி. நம் வீடுகளில் பழைய பத்திரங்களும் பற்று வரவுச் சிட்டைகளும் சாதகக் குறிப்புகளும் இருக்கும். அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும்போது மூன்று செயல்களைக் கடைப்பிடிப்போமாக.

முதலாவது, எண் வரும் இடத்தில் எண் குறியையே தெரிந்து அடிக்க வேண்டும். 'க' கைக்கு எளிது என்பதற்காக ௧-இன் இடத்தில் அதை அடிக்கலாகாது. இரண்டாவது, மூலத்தில் உள்ளவாறே அடித்து, அதன் மதிப்பை அருகில் இன்றைய எண்களாலும் எழுத வேண்டும். ௰௨ என்று இருப்பதை ௧௨ என்று திருத்துவது உதவி போலத் தோன்றினும், எழுதியவர் எண்ணிய முறையை அது அழித்துவிடும். மூன்றாவது, தட்டச்சுப் படியோடு மூலத்தின் நிழற்படத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். படியில் பிழை நேர்ந்தால் வடிவம் சான்று சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அக்குறிகளைப் பார்த்த அளவில் படிக்கக்கூடிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இது எந்த ஆய்வகமும் பிற்காலத்தில் செய்து தரக்கூடிய வேலையன்று.

முடிவுரை

வடிவத்தைச் சேமித்த செம்பும் ஓலையும் நம் எண்களை நமக்குத் தந்துவிட்டன. வரிசை எண்ணைச் சேமிக்கும் கணிப்பொறியோ நாம் தருவதையே வைத்திருக்கும். எழுத்தைத் தந்தால் எழுத்தாகவும், எண்ணைத் தந்தால் எண்ணாகவும். ஒருங்குறியில் ஓரிடம் பெறத் தமிழ்ச் சுழி பதினான்கு ஆண்டுகளும், தமிழ் முந்திரி இருபத்தெட்டு ஆண்டுகளும் காத்திருந்தன. கிடைத்த இடத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் அக்காத்திருப்புக்குப் பொருளில்லை.

எங்கள் வீட்டுப் பத்திரத்தை நானே மீண்டும் அடித்தேன். அப்பத்தா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, எட்டுக்கு 3054-ஐயும், காலுக்கு 73680-ஐயும் தேடி எடுத்தேன். என் கணிப்பொறியில் கால் முதலில் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துருவைச் சேர்த்தபின் காலாகவே தெரிந்தது. நிலம் மீண்டும் எட்டே கால் குழி ஆயிற்று. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு பத்திரங்களை எடுத்து என் முன் வைத்தார்.